லாந்தர் கம்பெனிக்கு ஒரு நியாயம், மசாலாவுக்கு ஒரு நியாயமா

ஜெலுத்தோங், பினாங்கு
9 பிப்ரவரி 2025, ஞாயிறு, அசர் தொழுகைக்குப் பிறகு

ஈப்போவில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி காஜா மொய்தீனுக்கு, ஜெலுத்தோங் பிளாட்டு ஆறாம் மாடியிலிருந்து உன் லாத்தா நூர்ஜான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பேத்தி ஹுதாவும் சுகமாக இருக்கிறோம். என் வலது முட்டி மட்டும் சுகமாக இல்லை, அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுபோல் அங்கே நீயும், உன் வீட்டாரும், பிள்ளைகளும், உன் சர்க்கரையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உன் சுகத்தை நான் வாய்விட்டு விசாரித்துப் பதினாலு மாசம் ஆகிறது. ஆனாலும் துஆவை நிறுத்தவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். லாத்தா மறந்துவிட்டாள் என்று நீ யாரிடமும் சொல்லக் கூடாது. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்போடு நின்றவள். நீ முப்பத்தொரு வருஷம் வக்கீல் ஆபீசில் பெரிய கிராணியாக இருந்து, ஈப்போவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன். ஆகையால் இதில் பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே. 1988-ல் ஒரு தடவை அப்படி அனுப்பினாய். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி நூருல் ஹுதாவின் புத்தகத்துக்கு ஆபத்து வந்துவிட்டது. என்ன புத்தகம் என்று நீ கேட்பாய், அதுக்கு முன்னாடி என்ன விளையாட்டு என்று சொன்னால்தான் விளங்கும். மூணு வருஷமா சனிக்கிழமை லுஹர் தொழுதுட்டு வந்தா என் வீட்டுச் சாப்பாட்டு மேஜை என்னோடது இல்லை. ஹுதா, அவளோட கூட்டாளி காமினி, அப்புறம் புலாவ் திக்குஸ் பாக்கியசாமியோட மகன் டேரில், இவங்க மூணு பேரும் சுத்தி உட்கார்ந்துக்குவாங்க. ஹுதா கதை சொல்லுவா. மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் மாலுமி, ஒருத்தி வைத்தியச்சி, இப்படி. "நான் இப்ப அந்தச் சுவரை ஏறிக் குதிக்கிறேன்"னு டேரில் சொல்லுவான். ஏறுனானா விழுந்தானான்னு பகடையை உருட்டிப் பார்க்கணும். பகடைக்கு இருபது முகம். பகடையைப் பார்த்ததும் கையில எடுத்துக்கிட்டேன். "என் வீட்டுல சூதா?"ன்னு கேட்டேன். "காசு வைக்கிறதில்லை நன்னி"ன்னா. "அப்ப ஜெயிச்சா என்ன கிடைக்கும்?" "யாரும் ஜெயிக்கிறதில்லை." "தோத்தா?" "தோக்கிறதும் இல்லை நன்னி, கதை நடந்துக்கிட்டே இருக்கும்." ஜெயிக்கவும் மாட்டாங்களாம், தோக்கவும் மாட்டாங்களாம், அதுக்கு மூணு மணி நேரமாம். ரெண்டு வாரம் வாசல்ல நின்னு பார்த்தேன். மூணாவது வாரம் நானும் உட்கார்ந்துட்டேன்.

கதைக்குள்ள நான் கப்பல்ல சமைக்கிற குசினிக்காரி. பேரு செய்யிதம்மா. நாலாவது சனிக்கிழமையே துறைமுகச் சுங்கக்காரன் ஒருத்தன் வரி கட்டலைன்னு என் பெரிய செம்புச் சட்டியைப் பிடுங்கிக்கிட்டான். பிள்ளைங்க எல்லாம் புதையலைத் தேடிப் போனாங்க. நான் போகலை. அந்தச் சுங்கக்காரனை மூணு ஊர் தாண்டி, ஒரு ஆறு தாண்டி, பதினொரு சனிக்கிழமை விடாமத் துரத்திச் சட்டியை வாங்கிட்டுத்தான் கப்பல் ஏறினேன். "நன்னி, அவன் நான் போற போக்குல சேர்த்த ஆளு, அவனுக்குப் பேருகூட வைக்கலை"ன்னு ஹுதா அழாத குறையாச் சொன்னா. பேரு எனக்கு எதுக்கு, மூஞ்சி ஞாபகம் இருந்தாப் போதும். இவங்க யாரு என்னைக்கு என்ன உருட்டினாங்கன்னு எழுதி வைக்கிறதே இல்லை, என்னைத்தான் கேப்பாங்க. போன வருஷம் ஜூலைல டேரில் பதினொண்ணு போட்டுட்டுப் பதினாலுன்னு சொன்னான். நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. வச்சிருக்கேன்.

ஆட்டம் முடிஞ்சா எல்லாருக்கும் என் கைச் சோறு, மீன் தலைக் கறி. முத நாளே டேரில் ஒரு வாய் வச்சுட்டு, "நன்னி, இதுல ஜாதிக்காய் போட்டிருக்கீங்களா? எங்க அம்மாச்சி"ன்னு ஏதோ ஆரம்பிச்சான். பேசுனா முள்ளு தொண்டையில மாட்டும்னு சொல்லி அவன் தட்டுல இன்னொரு துண்டு வச்சேன். நல்ல பையன், பேசாமச் சாப்பிட்டான்.

இப்படி ஆடி ஆடி ஹுதா சொந்தமா ஒரு புத்தகம் எழுதிட்டா. 'கிராம்புத் தீவு'ன்னு பேரு. தமிழ்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை செஞ்சுட்டு வந்து, ராவும் பகலும் உட்கார்ந்து மூணு வருஷம் எழுதினா. அவளைப் பொண்ணு பார்க்க வந்தவங்களைக்கூட "இந்த அத்தியாயம் முடியட்டும்"னு சொல்லி உட்கார வச்சவ. கதை, ஊரு, பேய், கடற்கொள்ளைக்காரன் எல்லாம் அவளோடது. ஆனா எலும்பு மட்டும் வேற ஒருத்தனோடது. எப்படி அடிச்சா எத்தனை காயம், எத்தனை போட்டா சுவரு ஏறலாம், அந்த விதி எல்லாம் அமெரிக்காவுல காப்பர் லாந்தர்னு ஒரு கம்பெனி போட்ட விதி. திருட்டு இல்லை தம்பி, நீ உடனே புருவத்தைத் தூக்காதே. இருபத்தி மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கம்பெனிக்காரனே ஒரு பேப்பர் போட்டு, "எங்க விதியை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், அதை வச்சுச் சொந்தப் புத்தகம் போடலாம், விக்கலாம், எங்களைக் கேக்க வேண்டாம், என்னென்னைக்கும்"னு சொல்லிட்டான். அதை நம்பி ஊரு உலகமெல்லாம் ஆயிரக்கணக்கான பேரு புத்தகம் போட்டாங்க. காமினி இதுக்கு ஏதோ 'திறந்த லைசன்ஸ்'னு சொன்னா. எனக்கு அது ஒண்ணும் விளங்கலை. அப்புறம் விளங்கிடுச்சு. நாம ஹஜ்ஜுக்குப் போறப்ப வாசல்ல நின்னு சொந்தக்காரங்க எல்லாரும் "சாப்பிட்டது குடிச்சது எடுத்தது எல்லாத்தையும் ஹலால் ஆக்கிடுங்க"ன்னு கேப்பாங்கல்ல, நாமளும் "ஹலால்"னு சொல்லிட்டுப் போவோமில்ல, அதுதான். கம்பெனிக்காரன் ஹலால் ஆக்கிட்டான். முடிஞ்சு போச்சு.

முடியலை. போன மாசம் பதினொண்ணாம் தேதி, சனிக்கிழமை, ஹுதா மேஜைல இருந்த பகடையைத் தொடவே இல்லை. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. கம்பெனி புது லைசன்ஸ் ஒண்ணு எழுதி வச்சிருக்காம், அது எப்படியோ வெளியே கசிஞ்சு ஊரெல்லாம் சண்டையாம், அந்த ஊர்ல வக்கீலுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுட்டாங்களாம். காமினி வக்கீல் படிப்பு முடிச்சுட்டு பீச் ஸ்ட்ரீட்ல ஒரு ஆபீஸ்ல தொழில் பழகுறவ, அவதான் கைபேசியைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தமிழ்ல சொன்னா. "பழைய அனுமதி இனிமே செல்லாதாம் நன்னி." எப்படிமா செல்லாது, என்னென்னைக்கும்னு எழுதிக் கொடுத்தானேன்னேன். "என்னென்னைக்கும்னா முடியிற தேதி இல்லைன்னுதான் அர்த்தமாம். திரும்ப வாங்கவே மாட்டோம்னு அவங்க எழுதலையாம்." இந்த விளக்கத்தை என் மாமியார்கிட்ட ஒருத்தன் சொல்லியிருந்தா அவங்க அகப்பையாலேயே பதில் சொல்லியிருப்பாங்க. "அப்புறம்?"ன்னேன். "இனிமே புத்தகம் போடுறவங்க எல்லாம் முன்கூட்டியே அவங்ககிட்டச் சொல்லிப் பேரு பதியணும்." அப்புறம்? "நாம சொந்தமாச் சேர்க்கிற கதை, பேய், எது இருந்தாலும் அவங்க நம்மளைக் கேக்காம எடுத்துக்கலாம்." அப்புறம்? "இந்த நிபந்தனைகளையும் அவங்க இஷ்டத்துக்கு எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், முப்பது நாள் முன்னாடி சொன்னாப் போதும்."

தம்பி, எனக்கு வந்த கோபத்துல மேஜையைத் தட்டினதுல பகடை ஒண்ணு உருண்டு சோஃபாவுக்கு அடியில போய் இன்னும் கிடைக்கலை. "எந்த வெக்கம் கெட்டவன் எழுதினான் இதை? வாசல்ல நின்னு ஹலால்னு சொல்லிட்டு, இருபது வருஷம் கழிச்சு, நீ நல்லாச் சாப்பிட்டு நல்லா வளர்ந்துட்டே, அதனால சாப்பிட்டதைக் கக்குன்னு கேக்கிறவன் மனுஷனா?"ன்னு நான் பாட்டுக்குக் கத்துறேன். டேரில் தலையை ஆட்டுறான், காமினி தலையை ஆட்டுறா. ஹுதா மட்டும் ஆட்டலை. மெதுவாச் சொல்றா, "நன்னி, இது நீங்க காஜா நன்னாவுக்கு அனுப்புனது மாதிரியே இருக்கு."

நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போய்ப் பருப்பைக் கிண்டினேன். பருப்பைக் கிண்ட வேண்டியதே இல்லை. இருந்தாலும் நேரம் எடுத்துக் கிண்டினேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கு. 1999 மார்ச் ஆறாம் தேதி, சனிக்கிழமை, அசருக்கு அப்புறம், மழை. நானும் உன் மச்சான் மீரா சாகிப்பும் ஹஜ்ஜுக்குக் கிளம்புறோம். நீ மஞ்சள் பாத்திக் சட்டை, ரெண்டாவது பொத்தான் இல்லை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "லாத்தா, உன் மீன் மசாலாவை உனக்குத் தெரியாம என் வீட்டுல அரைக்க ஆரம்பிச்சுட்டோம், ஹலால் ஆக்கிடு"ன்னே. நான் என்ன சொன்னேன்? "ஹலால்தான் தம்பி. நீ அரைச்சுக்கோ, உன் பிள்ளைங்க அரைக்கட்டும், கேக்கிறவங்களுக்கும் சொல்லிக் கொடு"ன்னேன். நான் சொன்னதைப் பதினேழு பேரு காதால கேட்டாங்க. அதுல ஒன்பது பேரு மவுத்தாப் போயிட்டாங்க, எட்டுப் பேரு இருக்காங்க, பேரு வேணும்னா எழுதுறேன்.

அப்புறம் 2023 டிசம்பர் பதினேழு, ஞாயிறு. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியலைன்னு ஒரு பாக்கெட்டைக் கொண்டு வந்து என் மேஜைல வச்சே. 'காஜா மீன் கறி மசாலா.' மேலே சொங்கோக் தொப்பி போட்டு நீ சிரிக்கிற போட்டோ. நான் அரைச்சுக் கையெல்லாம் எரிஞ்சப்ப நீ எங்கேயும் சிரிச்சுக்கிட்டு நிக்கலை. உனக்குப் போட்டுக் காட்டச் சொல்லி உன் மகன் முஸ்தஃபாவுக்குக் கைபேசில பதினோரு நிமிஷம் பேசி அனுப்பினேன். என்ன பேசினேன்னு எனக்கு வரி வரியாத் தெரியும். அன்னைக்குச் சொன்ன ஹலால் அடுப்புக்குத்தான், பாக்கெட்டுக்கு இல்லை. புதுசா எந்தப் பொடி போட்டாலும் முன்கூட்டி எனக்குச் சொல்லணும். நீ அதுல கறிவேப்பிலை வறுத்துச் சேர்த்தியே, அது நல்லா இருக்கு, அதை நானும் எடுத்துக்குவேன், உன்னைக் கேக்க மாட்டேன். இதையெல்லாம் எனக்குத் தோணுறப்ப மாத்துவேன். தம்பி, லாந்தர் கம்பெனியாவது முப்பது நாள் கொடுத்தான். நான் அதுவும் கொடுக்கலை.

இதை ஒத்துக்க எனக்கு நாலு வாரம் ஆச்சு. அந்த நாலு வாரத்துல நடந்ததையும் கேளு. கம்பெனிக்காரன் சண்டை பெருசானதும், "உங்க கருத்தைச் சொல்லுங்க"ன்னு ஒரு கேள்வித் தாளைக் கைபேசில விட்டான். ஹுதா நிரப்ப உட்கார்ந்தா, நானும் நிரப்பணும்னேன். "நீங்கள் எவ்வளவு காலமாக விளையாடுகிறீர்கள்?" மூணு வருஷம், நடுவுல முட்டிக்கு ஊசி போட்டப்ப மட்டும் ரெண்டு சனிக்கிழமை வரலை. "புதிய லைசன்ஸ் பற்றி எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?" ஒண்ணுக்குக் கீழே இல்லையான்னு கேட்டேன், இல்லையாம். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" அங்கேதான் எனக்கு இடம் கிடைச்சுது. ஹஜ்ஜு, வாசல், மழை, பதினேழு சாட்சி, எல்லாத்தையும் சொன்னேன். ஹுதா முக்கால் மணி நேரம் இங்கிலீஷ்ல தட்டினா. கடைசியில எழுத்து அதிகமாயிடுச்சுன்னு அந்தப் பெட்டி பாதியை ஏத்துக்கலை. எந்தப் பாதி போச்சுன்னு தெரியலை. ஆனா நாலு நாள்ல கம்பெனிக்காரன் பின்வாங்கிட்டான். தப்பு நடந்துபோச்சு, பழைய அனுமதி பழையபடி இருக்கும், மன்னிச்சுக்கோங்கன்னு பேப்பர் விட்டுட்டான். ஆயிரக்கணக்கான பேரு எழுதினதாலன்னு ஹுதா சொல்றா. இருக்கட்டும், நானும் அந்த ஆயிரத்துல ஒருத்தி.

பிள்ளைங்க மூணு பேரும் குதிச்சாங்க. டேரில் ஓடிப்போய் எல்லாருக்கும் தே தாரிக் டீ, டாப்பாவ் கட்டி வாங்கிட்டு வந்தான். நான் குடிச்சுட்டுச் சொன்னேன், "அவன் மன்னிப்புக் கேட்டான், சரி. நான் மன்னிக்கலை." ஹுதா, "நன்னி, அவன் உங்களைக் கேக்கலை லா"ன்னா. கேட்டாலும் கேக்காட்டியும் ஒரு தரம் வேலியை நகர்த்திப் பார்த்தவன் இன்னொரு தரம் நகர்த்துவான். உன் மூணு வருஷ வேலையை அவன் வேலிக்குள்ளே கட்டி வச்சுட்டு, அவன் மனசு மாறுற வரைக்கும் குடியிருக்கப் போறியான்னு கேட்டேன். அடுத்த நாள் சுபுஹுக்கு எந்திரிச்சுப் பார்த்தா அவ மேஜைல உட்கார்ந்து லாந்தர்காரனோட விதியை எல்லாம் ஒண்ணொண்ணா அடிச்சுட்டுத் தன்னோட விதியை எழுதிக்கிட்டு இருக்கா. இருபது முகப் பகடையும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா. அதுக்கு நான்தான் வழி சொன்னேன். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாத் தேய்ச்சு ஆறு கொட்டை உருட்டு, எத்தனை வெள்ளை விழுதுன்னு எண்ணு. நம்ம உம்மா நமக்குத் தேய்ச்சுக் கொடுத்தது. எந்தக் கம்பெனியும் அதுக்கு லைசன்ஸ் எழுத முடியாது. இருநூறு புத்தகத்துக்கும் ஆறு ஆறு கொட்டை வேணும்னு பத்து நாளா இந்த வீட்டுல புளிக்குழம்பு, புளி ரசம், புளியோதரை. காமினி வீட்டுக்கும் ஒரு சட்டி, டேரில் வீட்டுக்கும் ஒரு சட்டி. கொட்டையை மட்டும் மறக்காமத் திருப்பிக் கொடுத்துடணும்னு சொல்லித்தான் கொடுத்தேன்.

இதுல இன்னொரு கூத்து. புத்தகம் அச்சுக்குப் போனது சூலியா தெரு அச்சுக்கடை அப்துல் ரஹீம்கிட்ட; அவர் உள்பக்கத்தை நிறுத்துன்னு சொன்னதை நிறுத்திட்டார், அட்டையை நிறுத்தலை. இருநூறு அட்டை லாந்தர் கம்பெனி முத்திரையோட வந்து இறங்கிடுச்சு. "பரவாயில்லை அண்ணே, முத்திரை மேலே ஏதாவது ஒட்டி மறைச்சுடுங்க"ன்னு ஹுதா போன்ல சொல்லிட்டா. ஏதாவதுன்னா என்னன்னு அவ சொல்லலை. அவர் கடைல அதே அளவுல லேபிள் ஒரு கட்டு மிச்சம் கிடந்துச்சாம். நேத்துப் பெட்டியைப் பிரிச்சுப் பார்க்கிறேன், ஐம்பது அட்டையோட பின்பக்கத்துல நீ சொங்கோக் போட்டுச் சிரிக்கிறே. 'காஜா மீன் கறி மசாலா, கலப்படமற்றது.' உன் பாக்கெட் லேபிளும் அங்கேதான் அடிக்கிறேன்னு நீ என்கிட்டச் சொல்லவே இல்லையே. நான் அவரைப் போய்க் கேட்டா, "அளவு சரியா இருந்துச்சு லா நன்னி, மூஞ்சியும் உங்க குடும்பத்து மூஞ்சிதானே"ங்கிறார்.

ஐம்பது தடவை உன் மூஞ்சியைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு உன்கிட்ட ஒரு வேலை ஆகணும். ஹுதா புத்தகத்தோட கடைசிப் பக்கம் இன்னும் காலியா இருக்கு. அவ விதியை யார் வேணும்னாலும் எடுத்து ஆடலாம், அதை வச்சுப் புத்தகம் போடலாம், அவளோ அவ பிள்ளையோ எந்தக் காலத்திலும் அதைத் திரும்பக் கேக்க முடியாது, அப்படி ஒரு அனுமதி அங்கே வரணும். இங்கிலீஷ் பக்கத்தைக் காமினி எழுதிட்டா. தமிழ்ல சட்ட பாஷை எழுத உன்னை விட்டா எனக்கு ஆள் தெரியாது. கோபத்துல சொல்லலை, நிஜமாச் சொல்றேன், உன் மனுவைப் படிச்சு எதிர்க்கட்சி வக்கீலே ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார்னு 1994-ல நீயே சொன்னே. அந்த மாதிரி ஒரு பக்கம் வேணும். நோன்பு வர்றதுக்குள்ளே, இந்த மாசம் 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சூலியா தெருவுல அப்துல் ரஹீம் கடை மாடியில புத்தகம் வெளியாகுது. அந்தப் பக்கம் இல்லைன்னா வெளியாகாதுன்னு ஹுதா ஒரே பிடியா நிக்கிறா. லாந்தர்காரன் தனக்குச் செஞ்சதை நாளைக்குத் தான் இன்னொரு பிள்ளைக்குச் செஞ்சுடக் கூடாதாம். "நான் நல்லவதான் நன்னி, ஆனா எனக்கும் எழுபது வயசு ஆகும்ல"ன்னு என்னைப் பார்த்துச் சொல்றா. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கலை.

ஆனா உன்கிட்ட இப்படி ஒரு பக்கம் கேக்கணும்னா முதல்ல நான் ஒண்ணு கொடுக்கணும். வெறுமனே வாபஸ் வாங்கிட்டேன்னு சொன்னா நீ ஏன் நம்பணும்? லாந்தர்காரனை நானே நம்பலை. அதனால சாட்சி வச்சு எழுதித் தர்றேன்:

'மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, வெந்தயம், மிளகு, மஞ்சள், வறுத்த அரிசி ஒரு பிடி, வெயிலில் காய்ந்த ஜாதிக்காய்ச் சதை ஒரு துண்டு ஆகிய இவை சேர்ந்த என் மீன் மசாலாவை, அடுப்புக்கும் பாக்கெட்டுக்கும் வேறு எதற்கும், என் தம்பி காஜா மொய்தீனுக்கும் கேட்கிற எல்லாருக்கும், 1999 மார்ச் 6-ஆம் தேதி நான் சொன்னபடியே ஹலால் ஆக்கினேன். முஸ்தஃபாவுக்கு அனுப்பிய பதினோரு நிமிஷமும் செல்லாது. என்னென்னைக்கும் என்பதோடு, திரும்பக் கேட்க மாட்டேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.'

காமினி சரி பார்த்து, இது அமெரிக்காக் கம்பெனி பேப்பரை விட இறுக்கமா இருக்குன்னு சொல்லிட்டா. நான் தப்பு செஞ்சேன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. உன் போட்டோ எனக்கு இன்னும் பிடிக்கலை. ஆனா உன் சிரிப்பைப் பார்த்துப் பதினாலு மாசம் ஆச்சுங்கிறது அட்டையைப் பார்த்தப்பதான் உறைச்சுது.

உன் வீட்டுக்காரிக்கு என் சலாம் சொல்லு. 2011 பெருநாளைக்கு என் வட்டிலப்பத்தைப் பார்த்து 'இடியாப்பத்துக்கு ஊத்திக்கலாம்'னு சொன்னாளே, அதை மன்னிச்சுட்டேன், ஞாபகம் மட்டும் இருக்கு. முஸ்தஃபாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் துஆ. வரக்கூடிய நோன்பு உங்கள் எல்லாருக்கும் லேசாகவும் பரக்கத்தாகவும் அமையட்டும். அல்லாஹ் உன் ஆயுசை நீட்டி, சர்க்கரையைக் குறைத்து, உன் கையெழுத்தை இப்போது இருப்பதுபோலவே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த லாத்தா,
நூர்ஜான்

சாட்சி: காமினி
சாட்சி:

பின்குறிப்பு: ரெண்டாவது சாட்சியின் கையெழுத்து இல்லாததைப் பார்த்திருப்பாய். டேரில் போடமாட்டேன் என்றுவிட்டான். பேனாவைக் கையில் பிடிச்சுக்கிட்டு அந்தச் சாமான் வரிசையை ரெண்டு தரம் படிச்சான். "நன்னி, வறுத்த அரிசி, ஜாதிக்காய்ச் சதை, இது எங்க அம்மாச்சி கேத்தரினோட மசாலா. நான் முத நாளே சொல்ல வந்தேன், நீங்க மீன் வச்சு என் வாயை அடைச்சுட்டீங்க"ங்கிறான். ஹுதா பார்க்கிறா, காமினி பார்க்கிறா. காமினி தான் போட்ட கையெழுத்தை அழிக்கலாமான்னு கேக்கிறா.

நான் மறக்கலை தம்பி. 1972-ல பழைய வரிசை வீட்டுல பக்கத்து வீடு கேத்தரின். நான் கல்யாணம் ஆகி வந்த புதுசு, எனக்குச் சோறு வடிக்கவே தெரியாது. அவதான் ஜாதிக்காய்ச் சதையைக் காய வைக்கச் சொல்லிக் கொடுத்தா. "வெளியே யாருக்கும் சொல்லாதே நூரு"ன்னு சொல்லித்தான் கொடுத்தா. இந்தப் பையன் வாசப்படி ஏறின அன்னைக்கே மூக்கைப் பார்த்து அவ பேரன்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கேக்கலை, நானும் சொல்லலை, அவ்வளவுதான். அதனால மேலே 'என் மசாலா'ன்னு எங்கெங்கே எழுதியிருக்கேனோ அங்கெல்லாம் நீயே அடிச்சுக்கோ, இந்த ஒரு தரம் சிவப்பு மையைப் பாவிக்கலாம். எனக்குச் சொந்தமே இல்லாததை உனக்கு நான் ரெண்டு தரம் ஹலால் ஆக்கி, நடுவுல ஒரு தரம் பறிச்சும் இருக்கேன். லாந்தர்காரன்கூடத் தன் பொருளைத்தான் கொடுத்தான்.

டேரில் அப்பவே அம்மாச்சிக்குப் போன் போட்டு என் கையில கொடுத்துட்டான். நானும் அவளும் பேசி நாப்பத்தோரு வருஷம், ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கட்டின துணிக்கொடிச் சண்டையில நின்னுபோச்சு. "யாரு?"ன்னா. நூர்ஜான்னேன். "எந்த நூர்ஜான், துணிக்கொடி நூர்ஜானா?"ன்னா. எல்லாத்தையும் சொன்னேன், உன் பாக்கெட்டையும் சொன்னேன், ஹலால் ஆக்கிடு கேத்தரின்னு கேட்டேன். மாதா கோயிலுக்குப் போறவளா இருந்தாலும் பன்னிரண்டு வருஷம் நம்ம பக்கத்து வீட்டுல இருந்தவ, அந்த வார்த்தைக்கு என்ன கனம்னு அவளுக்குத் தெரியும். "ஆக்கலாம் லா நூரு. ஆனா நாலு கண்டிஷன் இருக்கு. எழுதிக்கோ"ன்னா.

முதல் கண்டிஷன், அந்தப் பாக்கெட்டுல உன் போட்டோ இருக்கக் கூடாது. அதை உன் சார்புல நான் அப்பவே ஒத்துக்கிட்டேன். ரெண்டும் மூணும் 23-ஆம் தேதி அச்சுக்கடை மாடிக்கு வந்து நேர்ல சொல்றாளாம். நாலாவது துணிக்கொடியைப் பத்தினது. அதுக்கு நான் ஒத்துக்கிறதா இல்லை. நீ முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துடு, சட்டம் எழுதுற பேனாவை மறக்காதே.